விண்மீன் ஒளியைப் பிரித்துப் படிப்பது எப்படி: ஒரு கேமரா, ஒரு கீற்றணி, முழுமையான வழிகாட்டி

ஒரு விண்மீன் எவ்வளவு சூடு, அதன் மேற்பரப்பில் என்னென்ன தனிமங்கள், நம்மை நோக்கி வருகிறதா விலகிப் போகிறதா என்று வானியலாளர்கள் சொல்வதெல்லாம் அதன் ஒளியைப் பிரித்துப் பார்த்துச் சொல்வதுதான். வேறு வழியில்லை, யாரும் அங்கே போய்த் தொட்டுப் பார்க்கப்போவதில்லை. இதே வேலையைச் சின்ன அளவில் சாதாரண கேமராவைக் கொண்டு நீங்களும் செய்யலாம். தொலைநோக்கிகூட உடனே தேவையில்லை.

புதிதாக வருபவர்கள் படம் எடுப்பதில் தடுமாறுவது குறைவு. படம் கிடைத்ததும், அழகான வானவில் பட்டை வந்துவிட்டதே என்று, அதில் தெரியும் ஒவ்வொரு கருங்கோட்டுக்கும் ஒரு தனிமத்தின் பெயரை ஒட்ட ஆரம்பிப்பார்கள். அங்கேதான் எல்லாம் தவறிப்போகிறது. எந்த பிக்ஸல் எந்த அலைநீளம் என்று அளந்து முடிக்கும்வரை அது வெறும் வண்ணப்படம். அளந்த பிறகே அது நிறமாலை. இந்த வழிகாட்டியின் வரிசை முழுக்க அதை வைத்துத்தான் அமைந்திருக்கிறது, அதனால் படிகளை முன்பின்னாக மாற்ற வேண்டாம்.

1. தொடங்கும் முன் ஒளியைப் பற்றித் தெரிந்திருக்க வேண்டியவை

ஒளி அலையாகவும் நடந்துகொள்கிறது, துகளாகவும் நடந்துகொள்கிறது என்று பள்ளியில் படித்திருப்பீர்கள். இந்த வேலையில் இரண்டுமே உங்களுக்கு நேரடியாக வேண்டும்.

கீற்றணி என்பது மிக நெருக்கமான இணைகோடுகள் போட்ட, ஒளியை நிறங்களாகப் பிரிக்கும் தகடு. அதைத் தாண்டும்போது ஒளி அலை. அடுத்தடுத்த கோடுகளிலிருந்து வரும் அலைகளின் பாதை வேறுபாடு சரியாக ஓர் அலைநீளம் இருக்கும் திசையில்தான் அவை ஒன்றையொன்று வலுப்படுத்தும். அலைநீளம் அதிகமானால் அந்தத் திசை இன்னும் விலகும். ஆகவே கீற்றணியில் சிவப்புதான் அதிகம் விலகும், நீலம் குறைவாக விலகும். முப்பட்டகத்தில் இது தலைகீழ். முப்பட்டகப் படங்களைப் பார்த்துப் பழகியவர்கள் இங்கே திசையைக் குழப்பிக்கொள்வதை அடிக்கடி பார்க்கிறேன். கீற்றணிக்கு இன்னொரு நல்ல குணம் உண்டு: சிறிய கோணங்களில் விலகல் அலைநீளத்துக்கு ஏறக்குறைய நேர்விகிதம். முப்பட்டகத்தில் அப்படி இல்லை, நீலப்பக்கம் அகலமாக விரிந்து சிவப்புப்பக்கம் நெருங்கிக் கிடக்கும். பின்னால் அளக்கும்போது இந்த நேர்விகிதம்தான் நம் வேலையைப் பாதியாகக் குறைக்கப்போகிறது.

சென்சாரில் விழும்போது ஒளி துகள். ஒவ்வொரு ஃபோட்டானின் ஆற்றலும் அதன் அலைநீளத்தைப் பொறுத்தது: 1240-ஐ நானோமீட்டரிலுள்ள அலைநீளத்தால் வகுத்தால் ஆற்றல் எலக்ட்ரான்வோல்ட்டில் கிடைக்கும். 500 நானோமீட்டர் பச்சை ஒளிக்கு 2.48. சிலிக்கானில் ஓர் எலக்ட்ரானைக் கிளப்ப ஏறத்தாழ 1.1 எலக்ட்ரான்வோல்ட் வேண்டும், அதனால் 1100 நானோமீட்டருக்கு மேல் எந்தச் சாதாரண கேமராவும் குருடு. ஃபோட்டான்கள் எண்ணிக்கையாக வருவதால் அந்த எண்ணிக்கையின் வர்க்கமூலம் அளவுக்கு ஏற்ற இறக்கமும் இருக்கும். ஒரு பிக்ஸலில் 100 ஃபோட்டான் பதிவானால் 10 சதவீத இரைச்சல், 10,000 பதிவானால் 1 சதவீதம். மெல்லிய கோடு உண்மையா இரைச்சலா என்று தீர்மானிப்பது இந்தக் கணக்குதான்.

மூன்றாவது, அணு. ஹைட்ரஜனின் எலக்ட்ரான் இரண்டாம் மட்டத்திலிருந்து மூன்றாம் மட்டத்துக்கு ஏற 1.89 எலக்ட்ரான்வோல்ட் வேண்டும், அது 656.3 நானோமீட்டர். இரண்டிலிருந்து நான்குக்கு 2.55, அதாவது 486.1. விண்மீனின் வளிமண்டலம் இந்த ஃபோட்டான்களைப் பிடித்துக்கொள்வதால் அந்த இடங்களில் மட்டும் ஒளி குறைகிறது. நீங்கள் பார்க்கப்போகும் கருங்கோடு அதுதான்.

2. என்னென்ன வேண்டும்

லென்ஸ் கழற்றி மாட்டக்கூடிய கேமரா, 50 முதல் 135 மில்லிமீட்டர் வரை குவியத்தூரமுள்ள லென்ஸ், அசையாத முக்காலி, ஷட்டரைத் தொடாமல் இயக்க ரிமோட் அல்லது டைமர். அப்புறம் மில்லிமீட்டருக்கு 100 கோடுகள் கொண்ட, ஒளியை ஊடுருவவிடும் வகைக் கீற்றணி. ஸ்டார் அனலைசர் 100 என்பது இந்த வேலைக்கென்றே செய்யப்பட்டது, 1.25 அங்குல ஃபில்டர் வளையத்தில் வருகிறது. அதை லென்ஸின் முன்னால் பொருத்த ஓர் அடாப்டர் வேண்டும்.

மில்லிமீட்டருக்கு 500 அல்லது 1000 கோடுகளுள்ள பிளாஸ்டிக் தாள்களைப் பலர் முதலில் வாங்கிவிடுகிறார்கள், கோடு அதிகம் என்றால் விவரமும் அதிகம் என்று நினைத்து. தொடக்கத்தில் அது வேண்டாம். 500 கோட்டுக் கீற்றணியில் சிவப்பு ஒளி ஏறத்தாழ 20 டிகிரி விலகிப்போகும். விண்மீனும் நிறமாலையும் ஒரே சட்டத்தில் அடங்குவது கடினம், லென்ஸின் ஓரத்தில் கோடுகள் கலங்கும், ஒளியும் நீளமாகப் பரவி மங்கிவிடும். 100 கோட்டில் 656 நானோமீட்டர் 4 டிகிரிக்குள் விழுந்துவிடுகிறது.

வாங்கும்போது, ஒரு பக்கத்து நிறமாலை மட்டும் பிரகாசமாக விழும்படி கோடுகள் சாய்வாக வெட்டப்பட்டதா என்று கேளுங்கள். அப்படி இல்லையென்றால் ஒளி இரண்டு பக்கமும் சமமாகப் பிரிந்து வீணாகும்.

லென்ஸின் திறப்பு கீற்றணியைவிட அகலமாக இருக்கக் கூடாது. 50 மில்லிமீட்டர் லென்ஸில் எஃப் 2 என்றால் திறப்பு 25 மில்லிமீட்டர். அதற்கு மேல் திறந்தால் கீற்றணியைச் சுற்றி வரும் ஒளி பிரியாமலேயே உள்ளே வந்து பின்னணியைக் கெடுக்கும். 50 மில்லிமீட்டர் லென்ஸில் எஃப் 2.8 அல்லது 4 வைத்துக்கொள்ளுங்கள், லென்ஸும் கூர்மையாக வேலை செய்யும்.

எடுக்கும் முன்பே ஒரு கணக்கு போட்டுவிடுங்கள். பிக்ஸலின் அளவை மைக்ரோமீட்டரில் எடுத்து 1000-ஆல் பெருக்கி, மில்லிமீட்டருக்கான கோடுகளையும் குவியத்தூரத்தையும் பெருக்கி வருவதால் வகுத்தால், ஒரு பிக்ஸலுக்கு எத்தனை நானோமீட்டர் என்று வரும். 4 மைக்ரோமீட்டர் பிக்ஸல், 100 கோடு, 50 மில்லிமீட்டர் லென்ஸ் என்றால் 0.8 நானோமீட்டர். இந்த எண்ணைத் தாளில் எழுதி வையுங்கள். பின்னால் அளவுத்திருத்தத்தில் இதற்குப் பக்கத்தில் ஓர் எண் வரவில்லையென்றால் எங்கோ தப்பு நடந்திருக்கிறது என்று அர்த்தம்.

3. முதல் பயிற்சி பகலில், ஓர் ஊசியை வைத்து

இந்தப் படியைத் தவிர்த்துவிட்டு நேராக இரவுக்குப் போகிறவர்கள்தான் அதிகம். தவிர்க்காதீர்கள். இருட்டில் கேமராவோடு மல்லுக்கட்டும்போது கீற்றணி தப்பா, ஃபோகஸ் தப்பா, விண்மீன் தப்பா என்று பிரித்தறிய முடியாது. பகலில் எல்லாம் கண்முன்னே தெரியும்.

கருப்புத் துணியில் பளபளப்பான தையல் ஊசி ஒன்றைக் குத்தி, வெயில் படும்படி செங்குத்தாக நிறுத்துங்கள். சில மீட்டர் தள்ளிக் கேமராவை வைத்து, நிறமாலை கிடைமட்டமாக விரியும்படி கீற்றணியைத் திருப்புங்கள். உருண்டையான ஊசியில் சூரியனின் பிரதிபலிப்பு மிக மெல்லிய ஓர் ஒளிக்கோடாகத் தெரியும், அதுவே ஒரு பிளவு போல வேலை செய்யும். ஊசி, நிறமாலை விரியும் திசைக்குச் செங்குத்தாக இருக்க வேண்டும், சாய்ந்தால் கோடுகள் ஒன்றோடொன்று கலந்துவிடும்.

சூரியனை நேராகப் பார்க்க வேண்டாம், கேமராவையும் அதன் பக்கம் திருப்ப வேண்டாம். ஊசியின் மினுக்கம் மட்டும் போதும்.

ஃபோகஸ் சரியானதும் பட்டையில் கருங்கோடுகள் தெரியத் தொடங்கும்: 486.1-இல் ஹைட்ரஜன், 517 பக்கத்தில் மக்னீசியத்தின் மூன்று கோடுகள் சேர்ந்து ஒரே தடிப்பாக, 589-இல் சோடியம். இந்த மூன்றும் தெரியும்வரை ஃபோகஸையும் கீற்றணியையும் மாற்றி மாற்றிப் பாருங்கள். தெரிந்துவிட்டால் உங்கள் கருவி சரி, இனி வரும் குறை எதுவானாலும் இரவு வேலையில்தான். ஒரு விஷயம், ஊசி அருகில் இருப்பதால் லென்ஸின் தூரம் சற்று மாறும், இந்த அளவுகளை அப்படியே விண்மீனுக்குப் பயன்படுத்த முடியாது.

4. எந்த விண்மீனில் தொடங்குவது

வேகா அல்லது சிரியஸ். எது மேலே இருக்கிறதோ அது. வேறு எதிலும் தொடங்க வேண்டாம்.

காரணம், இரண்டும் ஏ வகை விண்மீன்கள் (நிறமாலையை வைத்துப் பிரிக்கும் வகைகளில் ஒன்று). 10,000 கெல்வினுக்குப் பக்கத்தில் இருப்பதால் ஹைட்ரஜன் கோடுகள் இவற்றில்தான் மிக வலுவாக இருக்கும், மற்ற கோடுகள் இந்த அளவுக் கருவியில் ஏறக்குறைய தெரியவே தெரியாது. ஆகவே நீங்கள் பார்ப்பது ஹைட்ரஜன்தான் என்று சந்தேகமில்லாமல் தெரியும். பலர் திருவாதிரையில் தொடங்குகிறார்கள், சிவப்பாக, கவர்ச்சியாக இருக்கிறது என்று. அதில் மூலக்கூறு பட்டைகள் நெருக்கமாகக் கிடக்கும், எது எதுவென்று முதல் நாளில் யாராலும் சொல்ல முடியாது.

விண்மீன் தொடுவானத்திலிருந்து 40 டிகிரிக்கு மேல் இருக்கட்டும். கீழே இருந்தால் நம் வளிமண்டலம் நீல ஒளியை அதிகம் சிதறடித்துவிடும், விண்மீனின் நிறமே மாறிப்போகும்.

5. கீற்றணியின் திசையைச் சரிசெய்வது

இந்த வேலை முழுவதிலும் அதிக நேரம் தின்பதும் அதிகம் பிழையாவதும் இந்தப் படிதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முக்காலியில் நிற்கும் கேமராவில் விண்மீன் ஓரிடத்தில் நிற்காது. பூமி சுழல்வதால், வான நடுக்கோட்டில் இருக்கும் விண்மீன் நொடிக்கு 15 வில்நொடி நகர்கிறது. துருவத்தை நெருங்க நெருங்க இந்த நகர்வு குறையும். 50 மில்லிமீட்டர் லென்ஸும் 4 மைக்ரோமீட்டர் பிக்ஸலும் இருந்தால் ஒரு பிக்ஸல் ஏறத்தாழ 16.5 வில்நொடி, அதாவது நடுக்கோட்டு விண்மீன் நொடிக்கு ஒரு பிக்ஸலுக்குச் சற்றுக் குறைவாக நகரும். வேகாவுக்கு இது 0.7 பிக்ஸல்.

இந்த நகர்வை எதிரியாகப் பார்க்காமல் வேலைக்கு வைத்துக்கொள்ளலாம். விண்மீன் ஒரு புள்ளி, அதன் நிறமாலை ஒரு நூல். அவ்வளவு மெல்லிய நூலில் கோடுகளைப் பார்ப்பது கடினம். விண்மீன் நகரும் திசைக்குச் சரியாகச் செங்குத்தாக நிறமாலை விரிந்தால், நகர்வு அந்த நூலை அகலமான பட்டையாக இழுத்துவிடும், கோடுகளும் பட்டைக்குக் குறுக்கே நேராக நிற்கும். வேகாவை 20 நொடி எடுத்தால் 14 பிக்ஸல் அகலப் பட்டை கிடைக்கும். நகரும் திசையிலேயே நிறமாலை விரிந்தால் கதையே வேறு, ஒவ்வொரு கோடும் பக்கத்துக் கோட்டின் மேல் இழுபட்டு எல்லாம் வழுவழுப்பாகிவிடும். நகர்வு கிழக்கு மேற்காக, ஆகவே நிறமாலை வடக்கு தெற்காக விரிய வேண்டும்.

சோதிப்பது எளிது. 30 நொடி ஒரு படம் எடுங்கள். விண்மீனின் தடம் ஒரு சிறு கோடாகத் தெரியும், நிறமாலை அதற்கு எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். 90 டிகிரி வரும்வரை கீற்றணியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி மறுபடி எடுங்கள். கண்மதிப்பில் நின்றுவிட வேண்டாம்: 10 டிகிரி சாய்ந்தால் 15 பிக்ஸல் அகலப் பட்டையில் கோடு 2.6 பிக்ஸல் சாய்கிறது, அது 2 நானோமீட்டருக்கு மேல் மங்கலாக்கிவிடும்.

திசை சரியானதும் கீற்றணி மறுபடி திரும்பாதபடி ஒரு டேப் ஒட்டிவிடுங்கள். ஃபோகஸ் வளையத்தைத் திருப்பும்போது முன்பகுதி சேர்ந்து சுழலும் லென்ஸ்கள் உண்டு. உங்களுடையது அப்படியென்றால் ஃபோகஸை முதலில் முடித்துவிட்டு இந்தப் படிக்கு வாருங்கள்.

பிரிக்கப்படாத விண்மீன் உருவமும், பிரகாசமான பக்கத்து நிறமாலையும் இரண்டும் சட்டத்தின் நடுப்பகுதிக்குள் இருக்க வேண்டும். நிறமாலை மட்டும் போதும் என்று விண்மீனை வெளியே தள்ளிவிடாதீர்கள். அதுதான் நம் அளவுகோலின் பூஜ்யம்.

6. ஃபோகஸ்

விண்மீன் உருவத்தைக் கூர்மையாக்கிவிட்டால் நிறமாலையும் கூர்மையாகிவிடும் என்று நினைப்பது இயல்பு. பல லென்ஸ்களில் அது நடப்பதில்லை, வெவ்வேறு நிறங்கள் சற்றே வெவ்வேறு இடத்தில் குவியும். ஆகவே விண்மீனில் தோராயமாக ஃபோகஸ் செய்துவிட்டு, பிறகு வளையத்தை மயிரிழை மயிரிழையாக நகர்த்தி, ஒவ்வொரு நிலையிலும் ஒரு படம் எடுத்து, 486.1 கோடு எதில் மிகக் கருமையாக, மிகக் குறுகலாக இருக்கிறது என்று பாருங்கள். அந்த நிலைதான் வேண்டும். விண்மீன் உருவம் கொஞ்சம் உப்பியிருந்தாலும் பரவாயில்லை.

பட்டையின் நீல முனை மீன்வால் போல விரிந்து தெரிந்தால், நடுவில் ஃபோகஸ் சரி, நீலத்தில் தப்பு என்று பொருள். திறப்பை இன்னும் ஒரு படி குறைத்தால் பெரும்பாலும் சரியாகும்.

7. எக்ஸ்போஷர்

ரா கோப்பாக எடுங்கள். ஜேபெக் படத்தில் கேமரா தன் விருப்பப்படி வெளிச்சத்தை வளைத்துவிடும். இரண்டு மடங்கு ஒளி இரண்டு மடங்கு எண்ணாக வராது, அப்புறம் அளந்து பயனில்லை. இரைச்சல் குறைப்பு, கூர்மையாக்கல் எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். ஐ.எஸ்.ஓ. 400 அல்லது 800.

புதியவர்கள் எல்லோரும் தடுக்கி விழும் இடம் ஒன்று இங்கே இருக்கிறது. பட்டை மங்கலாக இருந்தால் நேரத்தைக் கூட்டுவார்கள். நகரும் விண்மீனில் அது பலிக்காது! ஒளி ஒரு பிக்ஸலைத் தாண்டி அடுத்ததற்குப் போய்விடுகிறது, நேரத்தைக் கூட்டினால் பட்டை அகலமாகுமே தவிர ஒவ்வொரு பிக்ஸலும் பிரகாசமாகாது. பிக்ஸலுக்கு அதிக ஒளி வேண்டுமென்றால் திறப்பை அகலப்படுத்த வேண்டும் அல்லது விண்மீனைப் பின்தொடரும் தாங்கி வேண்டும். அகலமான பட்டையிலும் லாபம் இல்லாமல் இல்லை, எல்லா வரிசைகளையும் கூட்டும்போது மொத்த ஃபோட்டான்கள் அதிகமாகும், இரைச்சல் குறையும்.

பட்டையின் மிகப் பிரகாசமான இடம் சென்சாரின் உச்சத்தில் 50 முதல் 70 சதவீதத்துக்குள் இருக்கட்டும். உச்சத்தைத் தொட்டுவிட்டால் அங்கே கோடுகளின் ஆழம் பொய்யாகிவிடும். பிரிக்கப்படாத விண்மீன் உருவம் உச்சத்தைத் தொட்டாலும் கவலை வேண்டாம், அதன் நடுவிடம் மட்டும்தான் நமக்கு வேண்டும்.

ஒரே படத்தோடு நிறுத்தாமல் 20 எடுங்கள். சேர்த்தால் இரைச்சல் நாலரை மடங்கு குறையும். கையோடு லென்ஸை மூடி, அதே நேரம், அதே ஐ.எஸ்.ஓ.வில் இருட்டுப் படங்களும் எடுத்துவிடுங்கள். நாளை எடுத்துக்கொள்ளலாம் என்றால் சென்சாரின் வெப்பநிலை மாறியிருக்கும்.

8. படத்திலிருந்து வரைபடத்துக்கு

ஆர்ஸ்பெக், பாஸ் ப்ராஜெக்ட், விஷுவல் ஸ்பெக் என்று இதற்கென்றே மென்பொருள்கள் உண்டு. எதில் செய்தாலும் வரிசை ஒன்றுதான்.

முதலில் இருட்டுப் படத்தைக் கழியுங்கள். பிறகு நிறமாலை சரியாகக் கிடைமட்டமாகும்படி படத்தைச் சுழற்றுங்கள், நீலம் இடப்பக்கம், சிவப்பு வலப்பக்கம். வண்ணத்தை நீக்கிக் கருப்பு வெள்ளையாக்குங்கள். பட்டைக்கு மேலேயும் கீழேயும் வெறும் வானத்திலிருந்து ஒவ்வொரு துண்டை எடுத்து, அதன் சராசரியைக் கழியுங்கள். கடைசியாக ஒவ்வொரு செங்குத்து வரிசையிலும் உள்ள பிக்ஸல்களைக் கூட்டுங்கள். பிக்ஸல் எண் ஒரு பக்கம், ஒளியின் அளவு இன்னொரு பக்கம் என்று ஒரு வளைகோடு கிடைக்கும். கருங்கோடுகள் அதில் பள்ளங்களாகத் தெரியும்.

வானப் பின்னணியைக் கழிக்காமல் விடுவது பெரிய தவறு. தெருவிளக்கின் ஒளி எல்லாப் பள்ளங்களையும் ஓரளவு நிரப்பிவிடும், கோடுகள் உண்மையில் இருப்பதைவிட ஆழம் குறைந்து தெரியும்.

9. அளவுத்திருத்தம்: இங்கே அவசரம் கூடாது

முதலில் விகிதம், அப்புறம்தான் அளவுகோல். இதை நான் யாருக்குச் சொல்லிக் கொடுத்தாலும் இந்த வரிசையில்தான் சொல்கிறேன்.

பிரிக்கப்படாத விண்மீன் உருவத்தின் நடு எந்த பிக்ஸலில் என்று குறியுங்கள். அங்கிருந்து ஒவ்வொரு பள்ளமும் எத்தனை பிக்ஸல் தள்ளி இருக்கிறது என்று அளங்கள். விலகல் அலைநீளத்துக்கு நேர்விகிதம் என்பதால், இரண்டு தூரங்களின் விகிதம் அந்த இரண்டு அலைநீளங்களின் விகிதமாகவே இருக்கும். எந்தக் கேமரா, எந்த லென்ஸ் என்றாலும் மாறாது. ஹைட்ரஜன் கோடுகளில் ஆல்ஃபா எனப்படுவது 656.3, பீட்டா 486.1, காமா 434.0, டெல்ட்டா 410.2. ஆகவே ஆல்ஃபாவுக்கும் பீட்டாவுக்கும் 1.350, பீட்டாவுக்கும் காமாவுக்கும் 1.120, காமாவுக்கும் டெல்ட்டாவுக்கும் 1.058.

ஓர் எடுத்துக்காட்டு. விண்மீன் 812.4-ஆம் பிக்ஸலில், இரண்டு ஆழமான பள்ளங்கள் 1354.9-இலும் 1420.1-இலும் என்று வைத்துக்கொள்வோம். தூரங்கள் 542.5, 607.7. விகிதம் 1.120. சரி, இவை காமாவும் பீட்டாவும். இப்போது 486.1-ஐ 607.7-ஆல் வகுத்தால் பிக்ஸலுக்கு 0.7999 நானோமீட்டர். தாளில் எழுதி வைத்த 0.8-க்கு ஒட்டி வருகிறது. அப்படியானால் ஆல்ஃபா 1632.9 பக்கத்தில் இருக்க வேண்டும். அங்கே போய்ப் பாருங்கள். எதிர்பார்த்த இடத்தில் ஒரு பள்ளம் இருந்தால்தான் திருத்தம் முடிந்தது.

விகிதத்தைப் பார்க்காமல் ஊகித்தால் என்னாகும்? காமாவைப் பீட்டா என்று எடுத்துக்கொண்டால் அளவு பிக்ஸலுக்கு 0.896 ஆகும், உண்மையான பீட்டா 544.5 நானோமீட்டரில் வந்து உட்காரும். அங்கே ஹைட்ரஜனுக்குக் கோடே இல்லை. உடனே ஆள் ஏதாவது புதிய தனிமத்தைத் தேட ஆரம்பிப்பார்.

சாதாரண கேமராக்களில் ஆல்ஃபா மங்கலாகத்தான் தெரியும். சென்சாருக்கு முன்னால் இருக்கும் அகச்சிவப்புத் தடுப்பு ஃபில்டர் அந்த இடத்து ஒளியில் பெரும்பகுதியை வெட்டிவிடுகிறது. விண்மீனின் குறையல்ல.

10. கருவியின் சாயலை நீக்குவது

இப்போது கையிலிருக்கும் வளைகோட்டின் மேடு பள்ளங்களில் பெரும்பகுதி கேமராவுடையது. சென்சாரின் மேலுள்ள சிவப்பு, பச்சை, நீல ஃபில்டர்கள் மூன்று மேடுகளை உண்டாக்கும். அந்த மேட்டின் உச்சியைப் பார்த்து விண்மீனின் வெப்பநிலையைச் சொல்லிவிடுகிறவர்கள் உண்டு. அந்த வழியில் எந்த விண்மீனை எடுத்தாலும் பச்சையில் உச்சம் வரும்.

வேகா ஏ0 வகை. அந்த வகை விண்மீனின் உண்மையான நிறமாலை மேற்சொன்ன மென்பொருள்களோடு வரும் தொகுப்புகளில் கிடைக்கும். நீங்கள் அளந்ததை அதனால் வகுத்தால் உங்கள் கருவியின் வளைவு கிடைக்கும். வகுப்பதற்கு முன் இரண்டிலும் ஹைட்ரஜன் பள்ளங்களை நேர்கோடு போட்டு மூடிவிடுங்கள். இல்லாவிட்டால் பள்ளங்களின் அகல வித்தியாசம் கருவியின் வளைவில் போலிக் கோடுகளாக ஏறி, பின்னால் எடுக்கும் எல்லா விண்மீன்களிலும் தொற்றிக்கொள்ளும். வளைவை நன்றாக வழுவழுப்பாக்கிச் சேமியுங்கள். அதே இரவில், ஏறத்தாழ அதே உயரத்தில் எடுத்த மற்ற விண்மீன்களை அதனால் வகுங்கள்.

11. கோடுகளைப் படிப்பது

இப்போதுதான் திருவாதிரைக்கும் சுவாதிக்கும் ரோகிணிக்கும் போக வேண்டும்.

திருவாதிரையின் மேற்பரப்பு ஏறத்தாழ 3,500 கெல்வின். அந்தக் குளிர்ச்சியில் டைட்டானியம் ஆக்சைடு மூலக்கூறுகள் உடையாமல் நிற்கும். அதன் வளைகோட்டைப் பெரிதாக்கிப் பாருங்கள்: 517, 545, 616, 705 நானோமீட்டர் பக்கங்களில் நீலப்பக்கத்திலிருந்து வரும் கோடு திடீரெனச் செங்குத்தாகக் கீழே விழுந்து, பிறகு சிவப்பை நோக்கி மெல்ல மெல்ல மேலேறும். ரம்பத்தின் பல் போல இருக்கும் இந்த வடிவம் மூலக்கூறுக்கே உரியது, அணுவின் கோடு இப்படி ஒருபக்கம் சாயாது.

திருவாதிரையில் ஹைட்ரஜன் கோடுகள் இந்தக் கருவியில் தெரியாது. அதனால் அங்கே ஹைட்ரஜன் இல்லை என்று எழுதிவிடாதீர்கள், இந்த வேலையில் நான் அதிகம் பார்க்கும் தவறான முடிவு இதுதான். சூரியனின் நிறையில் கிட்டத்தட்ட முக்கால் பங்கு ஹைட்ரஜன், ஆனாலும் அதில் இந்தக் கோடுகள் வேகாவைவிட எவ்வளவோ மெலிந்தவை. நாம் பார்க்கும் கோடுகள் இரண்டாம் மட்டத்திலிருக்கும் எலக்ட்ரான்களால் வருபவை. அடிமட்டத்திலிருந்து அங்கே ஏற 10.2 எலக்ட்ரான்வோல்ட் வேண்டும், குளிர்ந்த விண்மீனில் அவ்வளவு ஏறியவை மிகக் குறைவு. 10,000 கெல்வினுக்கு மேலே வெகுதூரம் போனால் எலக்ட்ரான்கள் அணுவை விட்டே ஓடிவிடும், கோடுகள் மறுபடி மெலியும். ஆகவே கோட்டின் ஆழம் முதலில் சொல்வது வெப்பநிலையைத்தான். தனிமத்தின் அளவைச் சொல்வதற்கு வெப்பநிலை தெரிந்த பிறகுதான் போக முடியும்.

வெப்பநிலைக்கு இன்னொரு வழி, உச்சத்தின் அலைநீளம். 28,98,000-ஐக் கெல்வினால் வகுத்தால் நானோமீட்டரில் உச்சம் வரும். சூரியனின் 5,772 கெல்வினுக்கு 502. சூரியன் போன்றவற்றுக்கு இது உதவும். வேகா போன்ற சூடானவற்றுக்கும் திருவாதிரை போன்ற குளிர்ந்தவற்றுக்கும் உச்சம் நம் கேமரா பார்க்கும் எல்லைக்கு வெளியே போய்விடும், அங்கே கோடுகளைத்தான் நம்ப வேண்டும்.

கொஞ்சம் பழகியதும் காமா காசியோப்பியே என்ற விண்மீனை எடுத்துப் பாருங்கள். அதில் ஆல்ஃபா பள்ளமாக இல்லாமல் மேடாக நிற்கும். விண்மீனைச் சுற்றியிருக்கும் வாயுத் தட்டு அந்த ஒளியை உமிழ்கிறது. தென்வானம் தெரியும் இடமென்றால் காமா வெலோரம். 465, 570, 581 பக்கங்களில் கார்பனின் அகன்ற மேடுகள்.

760 நானோமீட்டருக்குப் பக்கத்தில் வரும் ஆழமான பள்ளம் விண்மீனுடையது அல்ல, நம் காற்றிலுள்ள ஆக்சிஜன். 687-இல் வருவதும் அதுதான். மேலும் கீற்றணி இரண்டு மடங்கு விலகலில் இரண்டாவதாக ஒரு நிறமாலையையும் உண்டாக்கும்; 760-இலிருந்து அதன் 380 நானோமீட்டர் ஊதா மேலே வந்து படியத் தொடங்கும், அதற்கப்பால் இருப்பதைப் படிக்க வேண்டாம்.

12. வேகத்தை அளக்க முடியுமா

விண்மீன் நகர்ந்தால் கோடு இடம் மாறும். இடமாற்றத்தை அலைநீளத்தால் வகுத்து ஒளியின் வேகத்தால், அதாவது நொடிக்கு 2,99,792 கிலோமீட்டரால் பெருக்கினால் வேகம் கிடைக்கும். நம் கருவியில் ஒரு பிக்ஸல் 0.8 நானோமீட்டர், 656.3-இல் அது நொடிக்கு 365 கிலோமீட்டர். கண்ணுக்குத் தெரியும் பெரும்பாலான விண்மீன்களின் வேகம் நொடிக்குச் சில பத்து கிலோமீட்டர்தான். பிக்ஸலில் பத்தில் ஒரு பங்கு. ஆகவே கோடு ஒரு பிக்ஸல் தள்ளியிருப்பதைப் பார்த்து விண்மீன் விலகிப் போகிறது என்று சொல்ல முடியாது.

சந்தேகம் வந்தால் 687-இன் ஆக்சிஜன் பட்டையைப் பாருங்கள். அது நம் காற்றில் இருப்பது, விண்மீன் எப்படி ஓடினாலும் இடம் மாறாது. அதுவும் சேர்ந்து நகர்ந்திருந்தால் தப்பு உங்கள் அளவுத்திருத்தத்தில்.

பெரிய இடமாற்றத்தைப் பார்க்க ஆசையென்றால் 3சி 273 என்ற குவாசர், அதாவது வெகுதொலைவிலுள்ள ஒரு விண்மீன் மண்டலத்தின் மிகப் பிரகாசமான மையம், இருக்கிறது. பிரகாச எண் 13-க்குப் பக்கம், முக்காலிக் கேமராவுக்கு எட்டாது. 20 சென்டிமீட்டர் தொலைநோக்கி, பின்தொடரும் தாங்கி, கீற்றணியை சென்சாருக்கு 50 மில்லிமீட்டர் முன்னால் வைத்த கருப்பு வெள்ளைக் கேமரா எல்லாம் வேண்டும். அதன் சிவப்பு நகர்வு, அதாவது அலைநீளம் எத்தனை பங்கு நீண்டிருக்கிறது என்பது, 0.158. ஹைட்ரஜன் பீட்டா 486.1-இலிருந்து 563-க்குப் போய் அகன்ற மேடாக நிற்கும். 3.75 மைக்ரோமீட்டர் பிக்ஸலென்றால் இது நூறு பிக்ஸலுக்கு மேற்பட்ட நகர்வு, தவறவிடவே முடியாது. ஆல்ஃபாவை மட்டும் இதற்குப் பயன்படுத்த வேண்டாம், அது நகர்ந்து போய் விழுவது சரியாக 760-இல், நம் ஆக்சிஜன் பட்டையின் மேலேயே. பீட்டாவை அளந்து, காமா 503 பக்கத்தில் இருக்கிறதா என்று பார்த்து, இரண்டின் விகிதம் 1.120 வருகிறதா என்று சோதியுங்கள். அவ்வளவு தூரம் நகர்ந்த பிறகும் அந்த விகிதம் மாறாது.